சிறந்த குரலுக்கு ஒரு குடம்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். மற்ற வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் விருது வெட்டியிருக்கும். அப்பா குடிக்கிற டம்ளரில் ‘சிறந்த வில்லன்’ என்று இருக்கிறது. மகளின் சாப்பாட்டுத் தட்டில் ‘சிறந்த சண்டைக்காட்சி’. என் மனைவியின் குழம்புக் கிண்ணத்தில் ‘சிறந்த இயக்குநர்’. எனக்கு ‘சிறந்த துணை நடிகர்’ என்று ஒரு டம்ளர் செட்டே சேர்ந்துவிட்டது, ஏனென்றால் வருஷா வருஷம் அது எனக்குத்தான் கிடைக்கிறது.

இந்தப் பழக்கம் ஒரு பொங்கல் மத்தியானத்தில் ஆரம்பித்தது. டிவியில் சினிமா விருது விழா ஓடிக்கொண்டிருந்தது. எப்போதோ நடந்த விழாவைப் பொங்கலுக்கென்று எடுத்துவைத்து, விளம்பரத்துக்கு நடுவில் ஊறுகாய் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வந்தவர் எல்லோருக்கும் ஏதாவது ஒரு விருது உண்டு. வராதவருக்கு எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் கிடையாது. ஒருவர் மேடையில் அழுதால் கீழே இருக்கும் நடிகை கண்ணைத் துடைப்பதைக் காட்டுவார்கள். அவள் உண்மையில் எதற்குத் துடைத்தாள் என்பது அந்தக் கேமராக்காரருக்குத்தான் வெளிச்சம். அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது. “யாருக்குக் குடுக்கப்போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. இதுல என்ன விழா?” என்று முணுமுணுத்தபடி கடைசி விருதுவரை உட்கார்ந்து பார்ப்பார். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த மகள், “அப்போ நாமளே குடுக்கலாம் தாத்தா” என்றாள். மறுவாரமே என் மனைவி அம்பத்தூரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் நாலு டம்ளர் வாங்கி விருதுப் பெயரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கடைக்காரர் கல்யாணச் சீருக்குப் பெயர் வெட்டிப் பழகியவர். ‘சிறந்த வில்லன்’ என்று எழுதிக் கொடுத்ததும், மாப்பிள்ளை பெயர் இதுதானா என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டாராம்.

விருது கொடுப்பதற்கு எங்கள் வீட்டில் தேர்தல் நடக்கும். அப்பாதான் தேர்தல் அதிகாரி. அவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொழிற்சங்கத் தேர்தல்கள் நிறையப் பார்த்தவர், யாரையும் நம்பமாட்டார். இட்லிப் பானைதான் ஓட்டுப்பெட்டி. ஓட்டுப் போட்டவர் விரல் நகத்தில் மகளின் நெயில் பாலிஷ் வைக்கப்படும். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொண்டால் செல்லாது. பிரசாரம் ஓய்ந்த பிறகு யாரும் யாருக்கும் பஜ்ஜி போட்டுத் தரக்கூடாது என்று ஒரு விதி உண்டு, அது என் மனைவிக்காகவே கொண்டுவரப்பட்டது.

அவளுக்கும் அப்பாவுக்கும் வேறு வேறு கட்சி. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்பா வாலிப வயதில் ஒரு கட்சியில் சேர்ந்தார், இன்னும் அதிலேயே இருக்கிறார். என் மனைவி நாங்கள் இருக்கிற அயனம்பாக்கத்திலேயே பிறந்தவள். அவள் அப்பா அம்மா ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள். வயலெல்லாம் மனையாகிவிட்டது. அந்த மனைகளில் ஒன்றில்தான் நாங்கள் இப்போது குடியிருக்கிறோம். கல்யாணமாகி வரும்போதே அவள் இன்னொரு கட்சியின் மகளிர் அணியில் இருந்தாள். தேர்தல் சமயத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இந்தப் பக்கம் ஒரு கொடியும் அந்தப் பக்கம் ஒரு கொடியும் பறக்கும், நடுவில் என் லுங்கி காயும். நான் எந்தக் கட்சியும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்குகிற வேலை எனக்கு. வீட்டிலும் அதைச் செய்தால் சோறு கிடைக்காது.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு மாமனாரும் மருமகளும் எலியும் பூனையும் என்று தோன்றும். ஆனால் காலையில் பேப்பர் வந்தால் அப்பா முதலில் அவள் கட்சிச் செய்தியைப் படித்துவிட்டு, “உங்க ஆளு நேத்து என்ன பேசியிருக்கான் பார்த்தியாம்மா” என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பார். அவள் கரண்டியும் கையுமாக வந்து, “உங்க ஆளு பண்ணத விடவா மாமா?” என்று ஆரம்பிப்பாள். அந்தச் சண்டை இல்லாவிட்டால் அப்பாவுக்குக் காபி இறங்காது. அவள் கட்சி வேலையாக வெளியூர் போன நாட்களில் அவர் பேப்பரைப் பிரிக்காமலே வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது, அது மைக். இருபது வருஷத்துக்கு மேல் கட்சியில் இருக்கிறாள். கூட்டத்துக்குப் பெண்களைத் திரட்டுவது அவள்தான். தலைவர் வந்தால் ஆரத்தித் தட்டோடு முன்வரிசையில் நிற்பவளும் அவள்தான். எந்தத் தெருவில் குழாய் போட்டும் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டுக் கிழவிக்கு ஓய்வூதியம் நின்றுபோனது என்று அவளைக் கேட்டால் தெரியும். ஆனால் ஒரு கூட்டத்திலாவது அவளை மைக் முன்னால் விட்டதில்லை. “வரவேற்புரையாவது குடுங்கண்ணே” என்று தன் கட்சியின் வட்டச் செயலாளரிடம் அவள் கேட்டிருக்கிறாள். “அடுத்த கூட்டத்துல பார்த்துக்கலாம்மா. நீ இல்லாட்டி கூட்டமே இல்ல, தெரியுமா?” என்பார் அவர். அந்த அடுத்த கூட்டம் வரவே இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தனக்குள் பேசிப் பார்ப்பாள். போரிலிருந்து வரும் உப்புத் தண்ணீர்க் குழாயின் சத்தத்துக்கு மேல் எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ஒரு தடவை அந்த வட்டச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ‘சிறந்த வில்லன்’ டம்ளரில் காபி போயிற்று. கை தவறி எடுத்துவிட்டேன் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். அவர் நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். அப்பா மட்டும் தன் டம்ளரில் எதிர்க்கட்சிக்காரன் குடித்துவிட்டான் என்று அன்று முழுக்க வருத்தப்பட்டார்.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மாடியில் குடியிருக்கிறான். சினிமா படப்பிடிப்புக்குக் கூட்டம் கொண்டுபோய் நிறுத்துவது அவன் தொழில். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் படப்பிடிப்பு நடந்தால் அவனுக்குத்தான் போன் வரும். கல்யாண வீட்டுக் கூட்டம், கோயில் கூட்டம், ஆஸ்பத்திரி வாசல் கூட்டம் எல்லாம் அவனிடம் கிடைக்கும். போன வருஷம் ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வந்து, “அக்கா, தேர்தல் கூட்டம் ஒண்ணு எடுக்கிறாங்கோ. நசரத்பேட்டை கிட்ட. லேடீஸ் வேணும், பழகின லேடீஸா வேணும்னு சொல்றாரு டைரக்டர். உன் ஆளுங்கள இட்டுகினு வாயேன்” என்றான்.

அவளுக்குக் கேட்கவா வேண்டும். தெருப் பெண்கள் எல்லோரும் வேனில் ஏறினார்கள். எனக்கு அன்று வார விடுமுறை, வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன். அப்பா, “எந்தக் கட்சிக் கூட்டமாம்?” என்று கேட்டார். சினிமாவில் வருகிற கட்சி, அப்படி ஒரு கட்சி கிடையாது என்று சொன்னதும், “அப்போ போயிட்டு வாங்க” என்று அனுமதி கொடுத்தார்.

ஒரு வெட்டவெளியில் மேடை போட்டிருந்தார்கள். நிஜக் கூட்டத்துக்கும் அதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே தோரணம், தலைவர் வருவதற்கு அதே தாமதம். கொடியின் நிறம் மட்டும் எங்கேயும் பார்த்திராத நிறம். இன்னொரு வித்தியாசம், இங்கே சாப்பாடு நேரத்துக்கு வந்தது. எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் இந்தக் கட்சிக்கே மாறிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

கதாநாயகன் வேட்பாளராக நடந்து வருவதுதான் முதல் காட்சி. அவனுக்கு ஆரத்தி எடுக்க வேண்டும், எடுப்பது போலக் காட்டினால் போதும் என்று உதவி இயக்குநர் சொல்லியிருந்தார். கேமரா ஓடியது. அவன் வந்தான். எங்கள் பெண்கள் தட்டைச் சுற்றினார்கள், கையோடு குங்குமத்தைத் தொட்டு அவன் நெற்றியில் அழுத்தி ஒரு பொட்டும் வைத்துவிட்டார்கள். வருஷக்கணக்காகச் செய்த பழக்கம், கை தானாகப் போகிறது. கட் சொன்னார்கள். மேக்கப்காரர் ஓடிவந்து துடைத்தார். அடுத்த முறை எடுத்தபோது வேறொருத்தி வைத்தாள். அதற்கடுத்த முறை மூன்று பேர் வைத்தார்கள். உதவி இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டு, “அம்மா, சாமியா நினைச்சுக் கேக்கறேன், பொட்டு வைக்காதீங்க” என்றார். “வெறும் நெத்தியோட எப்டிப்பா அனுப்பறது? ஜெயிக்க வேணாமா அந்தப் புள்ள?” என்று ஒருத்தி கேட்டாள். கடைசியில் இயக்குநர் கதையில் பொட்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். படம் முழுக்க அந்தக் கதாநாயகன் நெற்றியில் இருக்கும் குங்குமம் எங்கள் தெருக்காரர்கள் வைத்தது.

அடுத்த காட்சியில் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வேட்பாளரிடம் கேள்வி கேட்க வேண்டும். அதற்கென்று வரவேண்டிய துணை நடிகை வரவில்லை. யாராவது பேசுவீர்களா என்று கேட்டார்கள். மச்சான் தன் அக்காவைக் கைகாட்டினான். “எங்களுக்கு என்ன செய்வீங்க ஐயா?” என்று மட்டும் கேட்டால் போதும் என்று சொல்லிக் கொடுத்து, அவள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் மைக்கை வாங்கியதும் ஒரு நொடி அதைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதாநாயகனைப் பார்த்துக் கேட்டாள். “ஓட்டு கேக்க வரச்சொல்ல எங்க ஊடு கரெக்டா தெர்து. தண்ணி உடச்சொல்ல மட்டும் எங்க தெரு தெர்லியே, அது இன்னா கணக்கு?”

எழுதிக் கொடுத்த வசனம் எங்கேயோ போயிற்று. கதாநாயகன் நிஜமாகவே முழித்தான். கூட்டம் நிஜமாகவே கை தட்டியது. இயக்குநர் மானிட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவள் கவனித்தாள். அதன் ஒயர் ஒரு முழத்தோடு முடிந்து அந்தரத்தில் தொங்கியது. எதிலும் சொருகியிருக்கவில்லை.

“பரவால்ல, படத்துல கேக்குமில்ல” என்றாள் வேனில் வரும்போது. கேட்கும் என்று நானும் சொன்னேன்.

படம் வெளியான அன்று குடும்பத்தோடு ஆவடியில் போய்ப் பார்த்தோம். அவளுடைய பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், ஒரு வரிசை முழுக்க எங்கள் தெரு. அப்பா பல வருஷம் கழித்துத் தியேட்டருக்கு வந்தார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க என் மனைவியின் முகம். மகள் விசில் அடித்தாள். திரையில் என் மனைவி வாயைத் திறந்தாள். “ஓட்டு கேக்க வரயில எங்க வீடு சரியாத் தெரியுது. தண்ணி விடயில மட்டும் எங்க தெரு தெரியலையே, அது என்ன கணக்குண்ணே?” என்று வேறு யாரோ பேசினார்கள்.

கதை தெற்குச் சீமையில் நடப்பதாம். எங்கள் பேச்சு அதில் ஒட்டாதாம். யாரோ ஒரு டப்பிங் பெண்மணி அழகாக, மதுரைப் பக்கப் பேச்சில் பேசியிருந்தார். தியேட்டரே கை தட்டியது. பக்கத்தில் அவள் கை என் கையைப் பிடித்திருந்தது, மெதுவாக விட்டுவிட்டது. அப்பாதான் ஆட்டோவில் பொருமிக்கொண்டே வந்தார். “மூஞ்சி வேணும், குரல் வேணாமா? நம்ம வீட்டுப் பொண்ணு பேசினா இவனுங்களுக்கு என்ன கொறைஞ்சிடும்?” நம்ம வீட்டுப் பொண்ணு என்று அவர் சொன்னதை அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது.

அந்த வசனம் பிரபலமாகிவிட்டது. போனைத் திறந்தால் யாராவது ஒரு பெண் அதற்கு வாயசைத்துக்கொண்டிருப்பாள். மளிகைக் கடைக்காரர் அவளைப் பார்த்தாலே “அது என்ன கணக்குண்ணே” என்பார். அவள் சிரித்துவிட்டு வருவாள். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது பேசிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். வெறும் குழாய்ச் சத்தம் மட்டும் வந்தது. காலையில் பேப்பர்ச் சண்டைக்கும் வருவதில்லை. அப்பா இரண்டு மூன்று முறை வலையை வீசிப் பார்த்தார். “நீங்க சொல்றதும் சரிதான் மாமா” என்று சொல்லிவிட்டாள். அப்பா பயந்துபோனார். “டேய், அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் சொல்றது சரிங்கறா” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

பொங்கல் வந்தது. அதற்கு முன்பே எங்கள் வீட்டு ஓட்டுப்பதிவு முடிந்திருந்தது. இந்த வருஷம் அப்பா ‘சிறந்த குரல்’ என்று ஒரு புது விருதைச் சேர்த்திருந்தார். இட்லிப் பானையை அவரே திறந்தார், அவரே எண்ணினார், முடிவை வெளியே சொல்லவில்லை. பாத்திரக் கடைக்கும் அவரே போய்வந்தார். வாங்கி வந்ததைக் கோணிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். டம்ளர் இவ்வளவு பெரிசாக இருக்காதே என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கலன்று தெருவில் விளையாட்டுப் போட்டிகள் நடத்துவது அப்பாவின் கட்சிப் பையன்கள். உறியடி, மியூசிக்கல் சேர், கோலப்போட்டி எல்லாம் உண்டு. தெருமுனையில் சின்ன மேடை போட்டு மைக் செட் கட்டியிருந்தார்கள். பரிசு கொடுக்க எங்கள் கவுன்சிலர் வருவார். அவரும் அப்பாவின் கட்சிதான். அதனால் என் மனைவி அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, கோலப்போட்டியில் மட்டும் கலந்துகொள்வாள், பரிசை மகளை அனுப்பி வாங்கிக்கொள்வாள்.

மத்தியானம் சர்க்கரைப் பொங்கல் மயக்கத்தில் விருது விழா பார்த்துக்கொண்டிருந்தோம். சிறந்த பின்னணிக் குரலுக்கான விருது என்று அறிவித்தார்கள். எங்கள் படத்தில் பேசிய பெண்மணிக்குத்தான் அது. கதாநாயகிக்குப் பேசியதற்காகக் கொடுத்தார்கள். ஆனால் தொகுப்பாளர் சும்மா விடுவாரா? எல்லோருக்கும் பிடித்த அந்த வசனத்தை ஒரு தடவை பேசிக் காட்டுங்கள் என்றார். அந்த அம்மா பேசினார். அரங்கமே எழுந்து நின்றது. கேமரா முன்வரிசைக்குப் போயிற்று. அங்கே சிறப்பு விருந்தினராக என் மனைவியின் கட்சியைச் சேர்ந்த பெரிய தலைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷம் இவள் வெயிலில் நின்று ஆரத்தி எடுத்த மனிதர். கண்ணில் நீர் வரச் சிரித்து, இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினார்.

விளம்பரம் வந்தது. மகள் சத்தத்தைக் குறைத்தாள்.

“நல்லாத்தான் தட்டறாரு” என்றாள் என் மனைவி. “எங்கையில மைக்க குடுத்திருந்தா நேர்லயே தட்டிருப்பாரு.” சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வந்தது. எனக்கு எழுந்து போக வேண்டும் போலவும் இருந்தது, போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. துணை நடிகருக்கு வசனம் எப்போதுமே கம்மி. திரும்பிப் பார்த்தால் அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் சாக்கு மட்டும் கிடந்தது.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. தெருமுனை ஒலிபெருக்கியில் மியூசிக்கல் சேர் பாட்டு நின்றது. கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் எங்கள் அப்பாவின் குரல். “ஹலோ, ஹலோ. விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்புக்கு முன்னால, எங்க வீட்டுப் பரிசு ஒண்ணு குடுக்க வேண்டியிருக்கு. சிறந்த குரலுக்கான விருது. எல்லா ஓட்டும் ஒருத்தருக்கே விழுந்திருக்கு. அவங்க எங்க வீட்டு மருமக. அவங்க ஓட்டு மட்டும் எனக்கு விழுந்திருந்தது, அது செல்லாதுன்னு அறிவிக்கிறேன். வந்து வாங்கிக்கிட்டு நாலு வார்த்தை பேசணும்.”

அவள் ஈரக் கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். “இன்னா பண்றாரு இவரு? அவங்க கச்சி மேடை அது.”

“போம்மா” என்றாள் மகள். நானும் எதையோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தது மட்டும் நினைவிருக்கிறது.

மேடையில் அப்பா வெள்ளை வேட்டி, தோளில் கட்சித் துண்டு, கையில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். இதுவரை டம்ளர், தட்டு, கிண்ணம் என்று கொடுத்திருக்கிறோம். குடம் யாருக்கும் கொடுத்ததில்லை. கழுத்தைச் சுற்றி ‘சிறந்த குரல்’ என்று பெரிய எழுத்தில் வெட்டியிருந்தது. ஆனால் அதைப் படிக்கிற தூரத்தில் யாரும் இல்லை. தெருவில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஆளுங்கட்சிக் கவுன்சிலர் உட்கார்ந்திருக்கும் மேடையில் அவருடைய சொந்தக் கட்சிப் பெரியவர் காலிக் குடத்தோடு நிற்கிறார் என்பதுதான். எங்கள் பக்கத்தில் மேடையும் காலிக் குடமும் சேர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம். எதிர்வீட்டம்மா, “தண்ணிக்குப் போராட்டம் ஆரம்பிச்சாச்சுடி, வாங்கடி” என்று குரல் கொடுத்தார். மனைவியின் பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு ஓடினார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. உறியடிக்கு நின்ற கும்பல் வழிவிட்டது. கவுன்சிலரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “என்னங்கய்யா இது, நம்மாளு நீங்களே” என்று அப்பாவிடம் கேட்டார்.

“இது விருதுப்பா” என்றார் அப்பா. “அவங்க கொண்டாந்தது என்னன்னு எனக்குத் தெரியாது.”

மனைவி மேடையேறினாள். அப்பா குடத்தை இடுக்கிக்கொண்டு மைக்கை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கினாள். முதல் காரியமாக ஒயரைக் கையால் உருவிக்கொண்டே போய், அது பெட்டியில் சொருகியிருக்கிறதா என்று பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அப்புறம் பேசினாள். கவுன்சிலரைப் பார்த்து அதே கேள்வி, அவள் குரலில், அவள் பேச்சில். “ஓட்டு கேக்க வரச்சொல்ல எங்க ஊடு கரெக்டா தெர்து. தண்ணி உடச்சொல்ல மட்டும் எங்க தெரு தெர்லியே, அது இன்னா கணக்கு?”

தெருமுனை டீக்கடைவரை கை தட்டல் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. குழாய் பதித்ததிலிருந்து ஆரம்பித்தாள். மோட்டார் எங்கே நிற்கிறது, எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குப் போகும், லாரி எந்த வீட்டோடு திரும்பிவிடுகிறது என்று வரிசையாகச் சொன்னாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே வருஷக்கணக்காக அவள் பேசிப் பார்த்ததெல்லாம் வரிசை கலையாமல் வந்தது. நடுவில் தன் கட்சியையும் விட்டுவைக்கவில்லை. “எங்க கச்சி இருந்தப்பவும் இதே கதைதான். நான் மறைக்க மாட்டேன்” என்றாள். அப்பா சந்தோஷத்தில் குடத்தின் மேல் தாளம் போட்டார்.

கவுன்சிலர் மோசமான ஆள் இல்லை. எழுந்து வந்து, பதில் சொல்கிறேன், மைக்கைக் கொடும்மா என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவளும் உடனே நீட்டினாள். இத்தனை வருஷம் மைக்கை அடுத்தவர் கைக்கு எடுத்துக் கொடுத்தே பழகிய கை, ஆரத்தித் தட்டிலிருந்து பொட்டுக்குப் போன கைகள் மாதிரி இதுவும் தானாகப் போயிற்று.

“குடுக்காதம்மா” என்றார் அப்பா. “நீ இன்னும் முடிக்கலியே.”

அவள் அவரைப் பார்த்தாள். கவுன்சிலரின் நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு மைக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு, “ஆமா, இன்னும் கீது” என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவின் கணக்குக்குப் போனாள்.